கணவர் சொன்னபடி

லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் சச்சிதானந்தனுக்கு இரண்டு தொழில்கள் இருந்தன. வயிற்றுப்பாட்டுக்கு டைல்ஸ் பதிப்பது ஒன்று. பெயருக்கும் புகழுக்கும் கடிதம் எழுதுவது மற்றது. பார்க்கிங் தண்டம், கவுன்சில் டாக்ஸ், பெனிபிட் வெட்டு, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை அரை அடி தள்ளிப் போட்ட வழக்கு என்று எவருக்கு எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டு மணி அடிக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, "எங்கை, காட்டும் பாப்பம்" என்பார். அதைச் சொல்வதில் இருந்த சுகம், அவர் பதித்த எந்தக் குளியலறையிலும் கிடைத்ததில்லை. எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் தோற்றவை. அந்தக் கணக்கை அவரும் எடுத்துப் பார்க்கவில்லை, எழுதுவித்தவர்களும் மரியாதைக்காக வாய் திறக்கவில்லை.

ஆகவே மே மாதத்தில் ஒரு காலை, அவர் வீட்டுக்கே ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது பவுணுக்கு ஓர் ஆஸ்பத்திரி பில் வந்து விழுந்தபோது, முதலில் அவருக்கு வந்தது பயமல்ல. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒருவகைச் சந்தோஷம். இத்தனை நாளும் பார்க்கிங் வார்டனோடு மல்லுக்கட்டிய மனிதனுக்குக் கடைசியில் தன் தகுதிக்கேற்ற எதிரி கிடைத்துவிட்டான்.

பில் வந்தது மனைவி குமுதினியின் பெயருக்கு. உறையை உடைத்தவர் சச்சிதானந்தன். அந்த வீட்டில் யார் பெயருக்கு வந்த கடிதமானாலும் உடைப்பவர் அவர்தான். டொக்டரிடம் போனாலும் பாங்க்குக்குப் போனாலும் கதைப்பவரும் அவர்தான். குமுதினி பக்கத்துக் கதிரையில் ஹான்ட்பாக்கை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். கேள்வி அவளிடம் வரும், பதில் இவரிடமிருந்து போகும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். அதில் ஒரு பிழை இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

நடந்தது இதுதான். ஏப்ரலில் பாரிஸில் ஒரு கலியாணம். லண்டனுக்கு வருமுன் அவர்கள் பதினெட்டு வருடம் இருந்த நகரம் அது. பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்ததும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டிலிருந்து திரும்பி வந்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் குமுதினி, தான் வேலை செய்யும் குட்மேய்ஸ் பள்ளிக்கூடச் சமையலறையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். சச்சிதானந்தன் டைல்ஸ் ஏற்றும் வானைக் கொண்டுபோய் அவளை ஏற்றி, அவசரப் பிரிவுக்கு ஓடினார். பித்தப்பையில் கல், கூடவே கிருமித்தொற்று. மூன்று நாள் வார்டில் வைத்து மருந்து ஏற்றினார்கள். ஆறு கிழமைக்குள் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், இன்னொரு தரம் தொற்று வந்தால் ஆபத்து என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது பில் சொன்னது, நோயாளி இந்த நாட்டில் வழமையாக வசிப்பவர் அல்லர், ஆகையால் வார்டில் படுத்ததற்குக் காசு கட்ட வேண்டும் என்று. இரண்டாம் பக்கம் அதைவிட மோசம். இந்தக் காசும் ஒப்பரேஷனுக்கான முற்பணமும் கட்டி முடியும் வரை ஒப்பரேஷன் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

"வசிக்கேல்லையாம்!" என்று சச்சிதானந்தன் கடிதத்தை மேசையில் அடித்தார். "எட்டு வருசமாய்க் கட்டின டாக்ஸை ஆர் திண்டது? இது துவேசம். சுத்தத் துவேசம். எங்கடை நிறத்தைக் கண்டு போட்டவங்கள்."

"ஒப்பரேஷன் எப்பவாம்?" என்று கேட்டாள் குமுதினி.

"நீர் பேசாமல் இரும். நான் பாக்கிறன்."

அவரோடு டைல்ஸ் வேலைக்கு வரும் யாக்கோப்புக்கு விஷயத்தைச் சொன்னபோது, அவன் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணை, ஐந்நூறு பவுணுக்கு மேலை ஆஸ்பத்திரிக் கடன் நிண்டால் விசா பாக்கிற ஹோம் ஆபிசுக்கு அறிவிப்பினமாம்" என்றான். அதற்கும் சச்சிதானந்தன் பயப்படவில்லை. அறிவிக்கட்டும், அங்கேயும் ஒரு பிரதி அனுப்பினால் போயிற்று என்று நினைத்தார்.

கடிதம் நான்கு பக்கம் வந்தது. முதல் பக்கம் முழுக்கச் சச்சிதானந்தனின் வாழ்க்கை வரலாறு: எப்போது ஊரைவிட்டுக் கிளம்பினார், பாரிஸில் எத்தனை கோப்பை கழுவினார், லண்டனில் எத்தனை சதுர மீட்டர் பதித்தார். இரண்டாம் பக்கம் வெள்ளைக்காரன் இலங்கையிலிருந்து கொண்டுபோன தேயிலை. மூன்றாம் பக்கம் மனித உரிமை. நான்காம் பக்கம் யார் யாருக்குப் பிரதி போகிறது என்ற பட்டியல். எம்பி, மேயர், மூன்று பத்திரிகைகள், கடைசியில் இடம் மிஞ்சியதால் பழைய மாணவர் சங்கம். தபாலில் போட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரி நிர்வாகம் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் என்று நம்பிக்கொண்டு இரண்டு கப் தேத்தண்ணி குடித்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி. வதிவிடத்துக்கான ஆதாரம் எதுவும் அதில் இணைக்கப்படவில்லை. ஒரேயடியாகக் கட்ட வசதியில்லாவிட்டால் தவணை முறையில் கட்டலாம்.

தவணை என்ற சொல்தான் அவரைக் கொன்றுவிட்டது.

அவர் தன் நான்கு பக்கத்தின் பிரதியை மகள் மயூராவின் முன்னால் தூக்கிப் போட்டார். மயூராவுக்கு இருபத்துமூன்று வயது, கவுன்சிலில் வீட்டு வாடகைப் பிரிவில் வேலை. அவள் வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, சீரியஸ்லி? நாலு பேஜ் எழுதியிருக்கிறீங்கள். அம்மாட பேர் ஒருக்காத்தான் வருது. அதுவும் ரெஃபரன்ஸ் நம்பருக்குப் பக்கத்திலை."

"அது முன்னுரை. விஷயம் விளங்க வேணுமே."

"ஃபர்ஸ்ட், அவையள் ஏன் இப்பிடி நினைச்சவை எண்டு பாக்க வேணும். அம்மாட ரெக்கோர்டைக் கேளுங்கோ. றிசெப்ஷனிலை எழுதினது, எல்லாம். அது அம்மாட ரைட். அதுக்குக் காசு கேக்க ஏலாது."

நேற்றுப் பிறந்ததெல்லாம் எனக்குச் சட்டம் படிப்பிக்க வந்துவிட்டது என்று முணுமுணுத்தாலும், எதிரியின் துவேசம் கறுப்பு வெள்ளையில் கையில் கிடைக்கப்போகிறது என்ற ஆசை அவரை விடவில்லை. விண்ணப்பத்தை நிரப்பினார். அவர் விரல் வைத்த இடத்தில் குமுதினி கையெழுத்துப் போட்டாள்.

உறை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் கிடந்தது. வானுக்குள் இருந்து உடைத்தார். இரத்தப் பரிசோதனை, ஸ்கான் என்று பதினாறு தாள்கள். ஐந்தாவது தாளில், பதிவு மேசையில் எழுதிய குறிப்பு இருந்தது. அவருடைய நல்ல இங்கிலீசுக்கு அதை விளங்கிக்கொள்ள ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

"நோயாளியின் கணவர் சொன்னபடி: நோயாளி நேற்று பிரான்ஸிலிருந்து வந்தவர். ஐரோப்பியர். பிரெஞ்சு மருத்துவ அட்டை காட்டினார்." அதற்குக் கீழே, நோயாளியிடம் நேரடியாகக் கேட்கப்பட்டதா என்ற பெட்டி வெறுமையாகக் கிடந்தது.

அவர் மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரமும் அந்தக் கணவர் அவர்தான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமலே இருந்திருக்கலாம். லண்டன் ஆஸ்பத்திரிகளைப் பற்றி அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. எங்கள் ஆட்கள் என்று கண்டால் கொரிடோரில் போடுவார்கள், ஐரோப்பியர் என்றால் கட்டில் கொடுப்பார்கள். யாரோ ஒருவருடைய பிள்ளையின் பிறந்தநாள் விழாவில் கேட்டது. அன்றிலிருந்து தன் சொந்த ஆராய்ச்சி போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தத் திங்கட்கிழமை பதிவு மேசைப் பெண், இங்கேயா வசிக்கிறீர்கள் என்று கேட்டதும், அவர் முதுகை நிமிர்த்தி, பர்ஸிலிருந்து குமுதினியின் பழைய பிரெஞ்சு மருத்துவ அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "வீ ஆர் யூரோப்பியன். ஃப்ரம் ஃபிரான்ஸ். யெஸ்டர்டே கேம்." அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அதிலுள்ள கொடுமை. பிரெஞ்சுக்காரன் வழக்கப்படி அட்டையில் குமுதினியின் தகப்பன் விஜயரத்தினத்தின் பெயர் இருந்தது; அந்தப் பெயரில் கம்ப்யூட்டரில் தேடினால், புருஷன் பெயரில் பதிந்த எட்டு வருட லண்டன் குமுதினி எப்படி அகப்படுவாள்? செவன் கிங்ஸ் விலாசத்தைக் கொடுத்தபோது, விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீடு என்று எழுதிக்கொண்டார்கள். அட்டையோ பிரான்ஸின் எல்லையைத் தாண்டினால் கதவு நெம்பக்கூட உதவாதது. இவ்வளவு கெட்டித்தனம் காட்டியும் குமுதினி ஐந்து மணித்தியாலம் கொரிடோரில்தான் கிடந்தாள்.

மானமுள்ள மனிதன் நேரே வீட்டுக்குள் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். சச்சிதானந்தன் உறையை வானின் பின்பக்கம் டைல்ஸ் பசை மூட்டைக்குக் கீழே தள்ளிவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் மயூரா கேட்டபோது இன்னும் வரவில்லை என்றார். சனிக்கிழமையும் அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பில்லோடு வந்த ஒருவருக்கு ஆஸ்பத்திரிகளின் துவேசத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் விளக்கினார். அவருடைய குரலில் முன்பைவிட உறுதி இருந்தது. தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்த ஆள் வாயை மூடமாட்டானா என்று அவருக்கே தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தபோது, குமுதினி சமையலறையில் சிங்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"திரும்ப வந்திட்டுதோ? வாரும், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"போனால் இன்னொரு பில் எழுதுவாங்கள். இருக்கிறதையே கட்ட ஏலாமல் கிடக்கு." அவள் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள். "கொஞ்ச நேரத்திலை நிண்டிடும். விடுங்கோ."

அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு எவரிடமும் காசு வாங்க மாட்டார்கள், வார்டில் அனுமதித்த பிறகுதான் கட்டணம் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொன்னார். குமுதினி நம்பவில்லை. அவர் சொன்னதால் வந்ததுதானே இந்தப் பில். அவளுக்கு அது தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த அரை மணித்தியாலம் அவர் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். பயம் அப்போதுதான் வந்தது, ஒரு மாதம் பிந்தி. வயிற்று நோ தணிந்து அவள் கதிரையில் இருந்ததும், வானுக்குப் போய் மூட்டையைத் தூக்கி, உறையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

குமுதினி தன்னுடைய கண்ணாடியை எடுத்துப் போட்டாள். விரலை வரிக்குக் கீழே வைத்து மெதுவாக வாசித்தாள். அவர் தன் வாழ்க்கையில் அவள் ஒரு கடிதம் வாசிப்பதை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"நானும் அங்கைதானே படுத்திருந்தனான்" என்றாள். "என்னட்டை ஆரும் ஒண்டும் கேக்கேல்லை." பிறகு தாளை மடித்தாள். "நீங்களும் கேக்க விடேல்லை."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார். அவள் திட்டவில்லை, எழுந்துபோய்ச் சோற்றை வடித்தாள். அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை மயூரா ஆஸ்பத்திரியின் நோயாளர் உதவி மேசைக்குப் போன் போட்டாள். இருபது நிமிடத்தில், தகப்பனின் நான்கு பக்கம் எட்டாத இடத்துக்கெல்லாம் போய்விட்டாள். ஒப்பரேஷன் பொறுக்குமா பொறுக்காதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டொக்டர், பில் எழுதுகிற அலுவலகமல்ல. டொக்டர் அவசரம் என்று சொன்னால் காசைக் காட்டி நிறுத்த ஏலாது. நோ திரும்ப வந்ததால் ஒரு நர்ஸ் உடனே பார்க்க வேண்டும். வதிவிட ஆதாரங்களோடு நோயாளி நேரே வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இலவசம்.

"மொழிபெயர்ப்பாளர் என்னத்துக்கு, நான் இருக்கிறன்தானே" என்றார் சச்சிதானந்தன்.

தாயும் மகளும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவரும் குமுதினியும் அந்த அறைக்குள் போனார்கள். அவர் கலியாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். கையில் பைல், அதற்குள் பன்னிரண்டு வாதங்கள், எண் போட்டு. மேசைக்கு அப்பால் ஓர் அதிகாரிப் பெண். மேசை நடுவில் போன், அதிலிருந்து மொழிபெயர்ப்பாளரின் குரல், சென்னைப் பக்கத்து ஆளுடைய குரல்: "வணக்கம்மா. நீங்க சொல்றதை அப்படியே சொல்றேன், சரிங்களா?"

சச்சிதானந்தன் தொண்டையைச் செருமி முதலாவது வாதத்தை எடுத்தார். அதிகாரி மரியாதையாகக் கையை உயர்த்தினாள். கேள்விகள் நோயாளிக்கு. கணவர் அறையில் இருப்பதா வெளியே இருப்பதா என்பதையும் நோயாளிதான் சொல்ல வேண்டும்.

குமுதினி யோசித்தாள். அவ்வளவு யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஆனால் கதைக்கக் கூடாது."

போனிலிருந்த ஆள் அதையும் ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னான்.

அடுத்த இருபத்தைந்து நிமிடமும் சச்சிதானந்தனுக்கு வாய்க்குள் பல் பிடுங்குவது போல இருந்தது. எந்த வருடம் வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டாள். இரண்டாயிரத்துப் பதினேழு என்று குமுதினி சொன்னாள். அவர் மாதத்தையும் சொல்லத் துடித்து உதட்டைக் கடித்தார். எங்கே வேலை என்று கேட்டாள். குமுதினி தன் ஹான்ட்பாக்கைத் திறந்து, பள்ளிக்கூடச் சம்பளத் துண்டுகளை ஒவ்வொரு வருடத்துக்கும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். குடும்ப டொக்டரின் பதிவுக் கடிதம், கவுன்சில் டாக்ஸ், நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்ததைக் காட்டும் குறியீட்டு எண், தகப்பன் பெயரையும் புருஷன் பெயரையும் சேர்த்துக் காட்டும் கலியாணப் பதிவு. பாதியில் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு அவளே இங்கிலீசில் சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூடச் சமையலறை இங்கிலீசு, சின்னச் சின்ன வசனம், ஒன்றும் பிசகில்லை. இருபத்தாறு வருடம் யாருக்காக மொழிபெயர்த்தேன் என்று சச்சிதானந்தன் தன்னைக் கேட்டுக்கொண்டார்.

அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, பில்லை ரத்துச் செய்வதாகச் சொன்னாள். முதல் நாளே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், அது எங்கள் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று குமுதினியைப் பார்த்துச் சொன்னாள். பன்னிரண்டு வாதமும் பைலுக்குள் பத்திரமாக இருந்தன.

போன் வைக்குமுன் நர்ஸ் அறைக்குள் வந்தாள். ஒப்பரேஷனுக்கு முந்திய கேள்விகள், மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்றாள். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, இந்த நோ எவ்வளவு காலமாக என்று கேட்டாள்.

ஏப்ரல் என்று சச்சிதானந்தன் மனதுக்குள் சொன்னார்.

"ரெண்டு வருசம்" என்றாள் குமுதினி.

"ரெண்டு வருஷமாவாம்மா?" என்று போன் குரல் கேட்டது. "டாக்டர் கிட்ட சொல்லலையா?"

"மூண்டு தரம் போனனாங்கள். இவர்தான் கதைச்சவர். வயித்திலை காஸ் எண்டு சொன்னவர்."

குரல் அதையும் இங்கிலீசில் சொன்னது. நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

உண்மைதான். குடும்ப டொக்டர் எங்கே நோகிறது என்று கேட்டபோது, குமுதினி வலது பக்கம் கையை வைத்தாள். அவர் காஸ் என்றார். அவருக்கு வருவது காஸ் என்பதால் அவளுக்கும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு அன்று சந்தேகமே இருக்கவில்லை. பருப்பையும் மனைவியையும் சேர்த்து ஒரு பகிடியும் விட்டார். டொக்டர் சிரித்தார். டொக்டரைச் சிரிக்க வைத்ததை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று போன் கேட்டது.

"இல்லை" என்றார் சச்சிதானந்தன். "அவவிட்டையே கேளுங்கோ."

நர்ஸ், நோ வரும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். குமுதினி இந்த முறை தமிழில் சொன்னாள். அநேகமாகச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் வரும். வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுக்கு ஏறும். மற்றவர்களுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதென்று குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு நிலத்தில் இருப்பாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கப் பைப்பைத் திறந்துவிடுவாள்.

அந்தப் பைப் ஓடும் சத்தம் சச்சிதானந்தனுக்குத் தெரியும். எத்தனையோ நாள் அந்தக் கதவில் தட்டி, தண்ணி பில் ஏறுது, பைப்பைப் பூட்டும் என்று கத்தியிருக்கிறார்.